இராமானுஜன் தவறவிட்ட எண்

"அக்கா, எனக்குக் கணக்கு வராது. கூடுதல் கணிதத்தை விட்டுவிடப் போகிறேன்."

பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமைதோறும் என்னிடம் பாடம் கேட்க வரும் படிவம் 4 மாணவி சொன்னது இது. ஒரு தேர்வில் 28 புள்ளிகள் வாங்கியதும் இந்த முடிவுக்கு வந்துவிட்டாள்.

கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் கணக்குப் போடத் தொடங்கியபோது நானும் இதையே சொன்னவள்தான். அதனால் அறிவுரை எதுவும் சொல்லாமல், ஓர் எண்ணை எழுதிக் காட்டினேன்: 293,318,625,600.

12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள் உண்டு. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி, கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். அத்தகைய 102 எண்களைப் பட்டியலிட்டார். கடைசி எண் 6,746,328,388,800.

அந்தப் பட்டியலில் இடையில் ஓர் எண் விடுபட்டுப் போனது. நான் எழுதிக் காட்டியது அந்த எண்ணைத்தான்.

நீங்களே சரிபார்க்கலாம். பகா எண்களாகப் பிரித்தால் அது 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டி, அவற்றைப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கும். அவள் முதலில் 315 என்று எழுதினாள். 11, 13, 17, 19 ஆகியவற்றின் அடுக்கு 1 என்பதை மறந்துவிட்டாள். பிறகு தானே கண்டுபிடித்துத் திருத்தினாள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5,040. வேடிக்கை என்னவென்றால், 5,040-உம் இதே வகை எண்தான்!

ஓர் எண் விடுபட்டதால் இராமானுஜனின் ஆய்வு மதிப்பிழக்கவில்லை. 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியதே இந்த ஆய்வுக்காகத்தான்.

நாமோ பிள்ளைகளிடம் நாமகிரித் தாயார் கனவில் வந்த கதையை மட்டுமே சொல்கிறோம். கேட்கும் பிள்ளை, 'கணிதம் ஒரு வரம், எனக்கு அது கிடைக்கவில்லை' என்று எண்ணிக்கொள்கிறது. ஒவ்வோர் எண்ணாக உழைத்துத் தேடியவர் அவர், தேடும்போது அவருக்கும் ஒன்று தவறியது என்பதையும் சொல்வோமே!

28 புள்ளிகள் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் மீதி 72 எங்கே போயின? கேள்வியின் மலாய் புரியவில்லையா, வழிமுறை தெரியவில்லையா, கூட்டலில் பிசகா? இதைப் பார்க்காமல் பாடத்தைக் கைவிட்டால், பின்னர் பொறியியல் போன்ற படிப்புகளுக்கு விண்ணப்பிப்பதே சிரமமாகிவிடும். பெற்றோரும் ஆசிரியர்களும் "வேறு பாடம் எடு" என்று சொல்வதற்கு முன் அந்த விடைத்தாளை ஒருமுறை பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அவள் இன்னும் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. வரும் சனிக்கிழமை விடைத்தாளைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.