சுவரில் மீன் வரைய மாட்டோம்: எண்ணூரில் ஒரு கலை–ஆய்வுக் கூட்டியக்கத்தின் தொடக்கப் பிரகடனம்

எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் தடவும் இருளர் பெண், இடுப்பளவு நீரில் உட்கார்ந்தபடியே நகர்கிறார். இரண்டு கையும் சேற்றுக்குள். பனையோலைப் பறியைப் பல்லால் கடித்திருக்கிறார். கேமராவுக்கு இதைவிட வாகான காட்சி கிடைக்காது. பலரும் எடுத்துப் போயிருக்கிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அந்தப் படம் பொதுவாக எடுத்தவருக்கே சொந்தம். சேற்றில் கை வைத்தவருக்கு அதில் பங்கில்லை. எந்தக் குழியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து இறால் அற்றுப்போனது என்று அவர் விரல்கள் சொல்லும். ஆய்வேடுகளில் அது ‘கள நேர்காணல்’ என்று ஒரு வரியில் முடிந்துவிடும்.

ஓவியர்கள், புகைப்படக்காரர்கள், கூத்துக் கலைஞர்கள், ஆய்வு மாணவர்கள், குப்பங்களின் மீனவர்கள், இறால் தடவும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து இந்தக் கூட்டியக்கத்தைத் தொடங்குகிறோம். பெயரையும் பணத்தையும் முறையையும் பங்கிடத் தெரியாத குழு சமூகத்தைப் பற்றிக் கலை செய்யக் கூடாது என்பதே எங்கள் கொள்கை.

ஏன் எண்ணூர்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்ததும், மீனவர்கள் அதை வாளியிலும் குவளையிலும் அள்ளியதும், அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்ததும் நாடறிந்த கதை. வரைபடத்தின் கதை அவ்வளவு பேசப்படவில்லை. 1996இல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடத்தில் இந்தக் கழிமுகம் இருந்தது. பின்னால் காட்டப்பட்ட வரைபடத்தில் காணாமல் போனது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 2023இல் புதிய வரைவுக்கான கருத்துக்கேட்புக் கூட்டங்களிலும், மீன் குஞ்சு பொரிக்கும் இடமும் ஊர்ப் பொது இடங்களும் எங்கே என்று கடற்கரை மக்கள் சண்டை போட்டார்கள். கோடு எங்கே விழுகிறது என்பதில் இங்கே சோறு இருக்கிறது. கோடு போடத் தெரிந்தவர்களுக்கு இங்கே வேலை இருப்பதும் அதனால்தான்.

பணத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். கலைஞர்களின் பிரகடனங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். கே.சி.எஸ். பணிக்கரும் தோழர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தைத் தொடங்கியபோது, பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுத் தங்கள் காலில் நின்றார்கள். அந்தக் கணக்கு எங்களுக்குப் பிடித்திருக்கிறது. நாங்களும் உறுப்பினர் சந்தா, படம், நாள்காட்டி, பயிலரங்கக் கட்டணம் என்றுதான் பிழைக்கப்போகிறோம். காசு குறைவு, ஆண்டுக்கு ஒரு வேலைதான் நடக்கும். நடக்கட்டும்.

வெளிநாட்டு நிதி வேண்டாம். தேசபக்திக் காரணம் எதுவுமில்லை. வெளிநாட்டு நிதிச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்போடு பகிர முடியாது. புதுதில்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில் கணக்கு வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எங்களைப் போன்ற சிறு குழு ஆடிட்டருக்குச் சம்பளம் கொடுப்பதற்காகவே நிதி தேடி அலைய வேண்டிவரும்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியும் வேண்டாம். இதற்குக் காரணம் வேறு. ஆற்றில் சாம்பலை விடும் ஆலையின் காசில், அதே குப்பத்துச் சுவரில் கொடுவாவும் மடவையும் வரைந்து கொடுக்க எங்களால் ஆகாது.

நிர்வாகத்துக்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. பழவேற்காட்டில் பாடு முறை உண்டு: நல்ல மீன் விழும் இடத்தில் யார் எப்போது வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவரிடமே தங்காது. எங்களிடமும் தலைமை, கணக்கு, மேடைப் பேச்சு மூன்றும் அப்படிச் சுற்றும். ஆனால் பாடு முறையை மெச்சி எழுதுகிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். எந்தக் குப்பம், எந்தச் சாதி, ஆணா என்று பார்த்த பிறகுதான் அந்தச் சீட்டில் பெயர் ஏறும். இருளருக்கு அதில் இடமில்லை, பெண்களுக்கும் இல்லை. எங்களுக்கு முறை வேண்டும், அந்த வாசல் வேண்டாம். முதல் குலுக்கலில் இறால் தடவும் பெண்களின் பெயர்கள் இருக்கும். கணக்கு நோட்டு யார் கைக்கு வந்தாலும், எழுத்துத் தெரியாவிட்டால் உடனிருந்து எழுத ஆள் தருவோம்.

சங்கப் பதிவுச் சட்டம் ஏழு பேர் கேட்கிறது. வங்கிக் கணக்குக்காகப் பதிவு செய்வோம். ஆண்டுதோறும் நிர்வாகிகள் மாறுவதால் பதிவாளர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும். அதுவும் வேலையில் சேர்த்திதான்.

ஜகார்த்தாவில் 2000இல் தொடங்கிய ருவாங்ரூப்பா குழு, 2022இல் ஜெர்மனியின் காசெல் நகரில் டாகுமென்டா கண்காட்சியை ஏற்று நடத்தியது. ஊர்ப் பொது நெற்களஞ்சியத்தைப் போல நிதியைப் பொதுவில் வைத்துப் பேசிச் செலவழித்தார்கள். அதை எடுத்துக்கொள்கிறோம். அதே கண்காட்சியில் யூத வெறுப்புச் சித்திரம் இருந்த பதாகை ஒன்று இறக்கப்பட்டதையும், யார் பார்த்து அனுமதித்தார்கள் என்ற கேள்வி சுற்றிச் சுற்றி வந்ததையும் மறக்கவில்லை. கூட்டாகச் செய்யும் வேலையில் பதில் சொல்ல ஆளில்லாமல் போவது சுலபம். எங்கள் ஒவ்வொரு வேலையிலும் பொறுப்பாளர் பெயர் போட்டிருக்கும்.

கூட்டத்துக்கு வருபவர் அன்றைய வரும்படியை இழக்கிறார். ஆய்வாளருக்கு என்ன நாள்கூலியோ அதுவே அவருக்கும். படத்தில் எடுத்தவர், எடுக்கப்பட்டவர் இருவர் பெயரும் வரும். விற்றால் பாதிப் பாதி. எடுக்கப்பட்டவர் பிறகு வேண்டாம் என்றால், கண்காட்சி திறந்த மறுநாளானாலும் இறக்கிவிடுவோம். இங்கே தரவு சேகரித்து ஆய்வேடு எழுதுபவர், பல்கலைக்கழகத்தில் கொடுக்கும் முன் குப்பத்தில் தமிழில் வாசித்துக்காட்ட வேண்டும். ஊரார் தப்பு என்று சொன்ன இடம் அடிக்குறிப்பாகவாவது அதில் ஏற வேண்டும்.

முதல் ஆண்டு வேலை, எண்ணூரில் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தின் வரைபடம். இறால் குழி, அலையாத்தி நின்ற இடம், சாம்பல் மேடு, வலை காயும் திடல் என்று தண்ணீரில் இறங்குகிறவர்கள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் வரைவார்கள். எதைப் போடக் கூடாது என்பதும் அவர்கள் முடிவு. நல்ல இறால் விழும் இடத்தை ஊருக்கெல்லாம் காட்ட யார்தான் சம்மதிப்பார்கள்? ஒரு பிரதி குப்பத்தில் இருக்கும். ஒரு பிரதி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும், ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு. கலைக்கூடங்களுக்கு அனுப்புவதா என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.