கூலி பேசுவது குற்றமா?



சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுது. மதரஸா முடிந்து பிள்ளைகள் யாவரும் வீடு திரும்பிய பின்னும் ஒரு தாய் மட்டும் வாசலில் தயங்கி நின்றார். அவருடைய பேரன் என்னிடம் ஓதுகின்றான். மூத்த மகனோ ஓர் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். "ஹஜ்ரத், என் மகன் சம்பளம் கூட்டிக் கேட்டு மற்றவர்களோடு தெருவில் உட்கார்ந்திருக்கின்றானாம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கின்றவன் கூலிக்காகக் கொடி பிடிப்பது நம் மார்க்கத்தில் ஆகுமானதா?" என்று கேட்டார்.

உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தக் கேள்வியில் ஒரு பாதி என்னைப் பற்றியதாகவும் இருந்தது. "யோசித்துச் சொல்கின்றேன் அம்மா" என்று அனுப்பி வைத்தேன். அந்த யோசனையையே இம்மாதம் உங்கள் முன் வைக்கின்றேன்.

மத்யனில் நடந்த பேச்சு

கல்வி கற்பிப்பது தொண்டு. தொண்டுக்குக் கூலி பேசலாகாது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி இருக்கின்றது. ஆனால் திருக்குர்ஆனின் அல்கஸஸ் அத்தியாயம் மூஸா (அலை) அவர்களின் வாழ்வில் நடந்த ஒரு சம்பவத்தைக் கூறுகின்றது. எகிப்திலிருந்து தப்பி மத்யனுக்கு வந்த அவர்கள், கிணற்றடியில் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டினார்கள். கூலி எதுவும் கேட்கவில்லை. ஆயினும் அப்பெண்களின் முதிய தந்தை, செய்த வேலைக்குக் கைம்மாறு கொடுப்பதற்காகவே அவர்களை அழைத்து வரச் செய்தார். பிறகு தம் மகளை மணமுடித்துக் கொடுப்பதற்கு ஈடாக எட்டு ஆண்டு வேலை என்று வரையறுத்தார். பத்தாகப் பூர்த்தி செய்தால் அது மூஸா (அலை) அவர்களின் விருப்பம் என்றும், அவர்களைச் சிரமப்படுத்தத் தாம் விரும்பவில்லை என்றும் சொன்னார். மூஸா (அலை) அவர்களும் வாய் மூடி இருக்கவில்லை. இரண்டு தவணைகளில் எதை முடித்தாலும் தம்மீது மேற்கொண்டு வற்புறுத்தல் கூடாது என்று தம் தரப்பு நிபந்தனையைத் தெளிவாக எடுத்துரைத்தார்கள்.

சற்றே நின்று கவனியுங்கள். செய்த வேலைக்குக் கைம்மாறு, பணிக்காலத்துக்கு எல்லை, கூடுதல் வேலை விருப்பத்தின்பேரில் மட்டும், வேலை கொடுப்பவர் சிரமம் தரமாட்டார் என்ற உறுதி, வேலை செய்பவர் தம் நிபந்தனையைச் சொல்லும் உரிமை. இன்று ஊழியர் சங்கங்கள் பேச்சுவார்த்தையில் வைக்கும் கோரிக்கைகளில் இந்த ஐந்துக்கு அப்பாற்பட்டது எது?

முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். 1067ஆம் ஆண்டு பக்தாதில் திறக்கப்பட்ட நிஜாமிய்யா மதரஸாவின் ஆசிரியர்களுக்கு வக்ஃபு வருமானத்திலிருந்து ஊதியம் வழங்கப்பட்டது. மம்லூக்குகள் காலத்துக் கெய்ரோவின் வக்ஃபு சாசனங்களில் பேராசிரியருக்கு இவ்வளவு, வாயிற்காப்போனுக்கு இவ்வளவு, பெருக்குபவருக்கு இவ்வளவு என்று எழுத்தில் வரையறுத்திருந்தனர். அறிவைப் போற்றிய சமுதாயம் அறிவாளியின் அடுப்பையும், அவர் இருந்து கற்பித்த இடத்தைக் கூட்டியவரின் அடுப்பையும் சேர்த்தே எண்ணிப் பார்த்தது.

நீதிமன்றம் கண்ட பல்கலைக்கழகம்

நம் நாட்டில் இந்தக் கேள்வி நீதிமன்றத்தின் முன் சென்ற வரலாறு சுவையானது. டெல்லிப் பல்கலைக்கழகம் மாணவியரின் வசதிக்காகப் பேருந்துகள் நடத்தி வந்தது. அதில் நஷ்டம் என்று நிறுத்தியபோது ஓட்டுநர்கள் வேலை இழந்தனர். அவர்கள் தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கேட்டனர். 1963இல் உச்ச நீதிமன்றம், பல்கலைக்கழகம் ஒரு தொழில் நிறுவனம் அன்று என்று கூறிவிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1978இல், பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் முதலான ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தக் கருத்தை மாற்றியது. கல்வி நிலையமும் தொழில் என்ற வரையறைக்குள் வரும் என்றது. இதனால் ஓட்டுநர், எழுத்தர், தோட்டக்காரர் போன்றோருக்கு ஒரு கதவு திறந்தது. ஆசிரியருக்கோ அது திறக்கவில்லை. கோவாவில் ஒரு பள்ளி ஆசிரியை தொடுத்த வழக்கில், ஆசிரியர் அந்தச் சட்டம் கூறும் தொழிலாளர் அல்லர் என்று 1988இல் தீர்ப்பாயிற்று. ஆயினும் ஆசிரியர்களுக்கும் பாதுகாப்புக் கிடைக்குமாறு சட்டமியற்றலாமே என்று அதே தீர்ப்பில் நீதிமன்றம் எடுத்துச் சொன்னது.

சட்டத்தின் கதவு முழுதும் திறவாத இடத்தில், ஒன்றுகூடிப் பேசுவதைத் தவிர ஆசிரியருக்கு வேறு வழி யாது? தனி ஒருவர் கேட்டால் அது மனு. ஆயிரவர் சேர்ந்து கேட்டால் பேச்சுவார்த்தை.

சிதம்பரம் சொல்லும் பாடம்

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தவராகிய எங்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வீட்டுப் பெரியவரைப் போன்றது. 1929இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் தொலைதூரக் கல்வி வழியாகத்தான் அடியேனும் பட்டம் பெற்றேன். திண்டிவனத்துக்கும் புதுவைக்கும் இடையே உள்ள எங்கள் கிளியனூரிலிருந்து கொண்டே, பகலில் ஓதிக் கொடுத்து, இரவில் அந்தப் பாடப் புத்தகங்களைப் படித்தேன். அந்தக் கட்டுகளை எண்ணிக் கட்டி, முகவரி எழுதி, அஞ்சலில் சேர்த்த ஊழியர் யார் என்று அந்நாளில் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

2012ஆம் ஆண்டின் இறுதியில் அவர்களை நினைக்க வேண்டி வந்தது. கடும் நிதி நெருக்கடியில் சிக்கிய நிர்வாகம், ஆட்குறைப்பு, ஊதியக் குறைப்பு என்று பேசத் தொடங்கியது. பேராசிரியர்களும் அலுவலர்களும் கடைநிலை ஊழியர்களும் ஒன்றாகப் போராட்டத்தில் இறங்கினர். பல்கலைக்கழகம் மூடப்பட்டது. 2013 ஏப்ரலில் தமிழக அரசு தலையிட்டு, இந்திய ஆட்சிப் பணி அதிகாரி ஒருவரை நிர்வாகியாக அமர்த்தியது. அதே ஆண்டு தனிச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மிகையெனக் கருதப்பட்ட ஆசிரியர்களும் அலுவலர்களும் பின்னர் அரசுக் கல்லூரிகளுக்கும் பிற துறைகளுக்கும் மாற்றிப் பணியமர்த்தப்பட்டனர். 2021இல் எங்கள் விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகளும் அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டன.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, வருமானத்தைக் கணக்கிடாமல் ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனால், ஒரு நாள் அந்தப் பிழையின் சுமை முழுவதும் மாதச் சம்பளக்காரரின் தலையில் விழும். இரண்டாவது, அன்று ஊழியர்கள் பிரிந்து நின்றிருந்தால், முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பவர் குரல் குறைந்த கடைநிலை ஊழியராகவே இருந்திருப்பார். மாற்றுப் பணி என்பது பலருக்கும் கசப்பானதுதான். ஊரும் வேலையும் மாறின. ஆயினும் அடுப்பு அணையவில்லை.

எப்படிக் கேட்பது?

கேட்பது உரிமை என்றால் கேட்கும் முறை என்ன என்பது அடுத்த கேள்வி. இலங்கையில் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் 2012 ஜூலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறத்தாழ நூறு நாள் நீடித்தது. அவர்கள் தம் ஊதியத்தை மட்டும் கேட்டிருந்தால் மக்கள் முகம் திருப்பியிருப்பர். நாட்டின் மொத்த உற்பத்தியில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். காலியிலிருந்து கொழும்பு வரை நடந்தே வந்தனர். அந்த 6 விழுக்காடு கிடைக்கவில்லை. ஆனாலும் ஏழைப் பிள்ளையின் கல்விக்கு நாடு எவ்வளவு செலவிடுகின்றது என்பது வீட்டுக்கு வீடு பேச்சாயிற்று.

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 2022 நவம்பரில் துணை ஆசிரியர்களும் ஆய்வு ஊழியர்களுமாக 48,000 பேர் வேலையை நிறுத்தினர். ஆறு வாரத்தில் உடன்பாடு ஏற்பட்டது. துணை ஆசிரியர்களின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் ஏறக்குறைய 23,000 டாலரிலிருந்து 2024க்குள் 34,000 டாலராக உயர வழி பிறந்தது. செல்வம் கொழிக்கும் நாட்டிலும் பாடம் நடத்துகின்றவர் வீட்டு வாடகைக்காகப் போராட வேண்டியிருக்கின்றது!

வேலைநிறுத்தம் என்பது கடைசி மருந்து, அது கசக்கும். 2003 ஜூலையில் தமிழகத்தில் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தபோது ஏறத்தாழ 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை ஆகாது என்று அவ்வாண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கூறியது. பெரும்பாலோர் மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தே வேலைக்குத் திரும்பினர். ஆகவே கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, கணக்கைக் காட்டச் சொல்லி, காலக்கெடு வைத்து, பொறுமையுடன் பேசி, எல்லாம் பயனற்றுப் போன பின்பே அந்த மருந்தை நினைக்க வேண்டும். அதிலும் மாணவரின் தேர்வும் நோயாளியின் உயிரும் நமக்கு அமானத் என்பதை மறக்கலாகாது.

நியாயம் எந்தப் பக்கம்?

அந்தத் தாயின் மகனது கணக்கைப் பார்ப்போம். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விகிதப்படி, நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் வீதம், மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று அதே குழு 2019 ஜனவரியில் வழிகாட்டியது. தமிழக அரசுக் கல்லூரிகளில் அவர்களுக்கான தொகுப்பூதியம் 2023இல்தான் 20,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதுவும் மே மாதம் நீங்கலாக 11 மாதங்களுக்கு. பன்னிரண்டு மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதம் 23,000 ரூபாய்கூடத் தேறவில்லை.

இருவரும் ஒரே பாடத்தை, ஒரே கரும்பலகையில், ஒரே மாணவருக்கு நடத்துகின்றனர். மே மாதத்தில் கல்லூரி மூடியிருக்கலாம். அரிசிக்கடை மூடுவதில்லை; வீட்டுக்காரர் வாடகையை விடுவதில்லை. இந்த நிலையில் அவர் கேட்பது பேராசையா என்று அல்லாஹ்வுக்கு அஞ்சி நாமே சொல்வோம்.

நம் வீட்டு வாசல்

அரசையும் பல்கலைக்கழகத்தையும் பற்றிப் பேசுவது எளிது. இனி நம் மஹல்லாவுக்கு வருவோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேறோர் ஊரில் ஓதிக் கொடுத்து வந்தேன். சம்பளம் சிறியது, அதுவும் இரண்டு மூன்று மாதம் தங்கிப் போகும். என் மனைவி கடையில் கடன் சொல்லி அரிசி வாங்குவார். கேட்டால் "ஹஜ்ரத்துக்குத் துன்யாவின் மீது ஆசை" என்று சொல்லிவிடுவார்களோ என்னும் அச்சத்தில் நான் ஒரு நாளும் வாய் திறந்து கேட்கவில்லை. கடன் கழுத்தை நெரித்தபோது, ஆண்டின் நடுவில், வேறு காரணம் சொல்லி விலகிவிட்டேன். அப்போது நாற்பது பிள்ளைகள் ஓதிக்கொண்டிருந்தனர். சிலர் யாசீனைப் பாதி மனனம் செய்திருந்தனர். அவர்களுக்கு மாற்று உஸ்தாத் வரப் பல மாதங்கள் ஆயின என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

அன்று என் மௌனத்தை நான் ஸப்ரு என்று நினைத்தேன். இன்று எண்ணிப் பார்த்தால், அது அந்தப் பிள்ளைகளுக்கு நான் செய்த குறை. முத்தவல்லியின் முன் அமர்ந்து, "இவ்வளவு இருந்தால்தான் என் குடும்பம் நடக்கும், உங்களால் எவ்வளவு முடியும்?" என்று வெளிப்படையாகக் கேட்டிருந்தால், அவர் ஒரு வழி சொல்லியிருக்கக் கூடும். சொல்ல இயலாவிட்டாலும், மாற்று ஏற்பாட்டுக்கு அவகாசம் கிடைத்திருக்கும்.

1993ஆம் ஆண்டிலேயே இமாம்களுக்கு வக்ஃபு வாரியங்கள் ஊதியம் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் வருமானம் அற்ற சிறு பள்ளிவாசல்களிலும் மதரஸாக்களிலும் பணிபுரிவோரின் நிலை அந்தந்த ஜமாஅத்தின் மனத்தைப் பொறுத்தே அமைகின்றது. உழைப்பவரின் கூலியை இழுத்தடிக்காமல் கொடுத்துவிட வேண்டும் என்ற நபி (ஸல்) அவர்களின் போதனையை மிம்பரிலிருந்து சொல்பவருக்கே கூலி தாமதமாகின்றது என்றால், அதைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் நாம் என்ன விடை சொல்வோம்?

ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்துக்கும் பணிவுடன் ஒரு வேண்டுகோள். இமாம், முஅத்தின், உஸ்தாத், பள்ளியைத் துப்புரவு செய்பவர் ஆகிய ஒவ்வொருவருக்கும் ஊதியம், வேலை நேரம், விடுமுறை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சம்பள நாளைக் குறித்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை வரவு செலவுக் கணக்கை அவர்கள் முன் வைத்து, விலைவாசியையும் கணக்கில் கொண்டு, உட்கார்ந்து பேசுங்கள். தர முடியாதபோது முடியாது என்று கணக்குடன் சொல்லுங்கள். உண்மையான கணக்கைக் கண்டவர் மனம் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். தாய்மார்களே! மாதச் சந்தா கேட்டு வீட்டுக்கு வருகின்றவரிடம், "உஸ்தாதுக்கு இந்த மாதச் சம்பளம் கொடுத்தாயிற்றா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பெரும் பலன் உண்டு.

அந்தத் தாய் மறு வாரம் மீண்டும் வந்தார். "ஆகுமானதுதான் அம்மா. நியாயமான கூலியைக் கேட்பது பிச்சை கேட்பதன்று. பொய் சொல்லாமல், யாரையும் ஏசாமல், பிள்ளைகளின் பாடம் பாழாகாமல் கேட்கச் சொல்லுங்கள். விட்டுப்போன பாடங்களைத் திரும்ப வந்ததும் கூடுதல் வகுப்பு எடுத்து ஈடு செய்யச் சொல்லுங்கள்" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அதை அவன் முன்னமேயே சொன்னான் ஹஜ்ரத், ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுப்பானாம்" என்றார். முகத்தில் இருந்த கலக்கம் நீங்கியிருந்தது. பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.