மரபு குற்றமன்று

வீட்டில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் கண்டால், அவ்வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைவது அரிதாகிறது. தாய்வழி வந்ததா, தந்தைவழி வந்ததா என்று உறவினர் வழக்காடுகின்றனர். அப்பழிக்கு அஞ்சியே நோயாளியை உள்ளறையில் மறைக்கின்றனர். மருத்துவம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது. திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலுக்கும் அம்மலையைச் சூழ்ந்த சிற்றூர்களுக்கும் மட்டுமன்றித் தமிழகம் முழுமைக்கும் பொதுவான துயரம் இது.

இந்நோயில் மரபுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது மெய். அதை மறுத்துப் பயனில்லை. ஆனால் மரபு என்பது விதியன்று. நூற்றுவரில் ஏறத்தாழ ஒருவருக்கு வரும் இந்நோய், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் வருகிறது. எஞ்சிய தொண்ணூறு பேரை அது அணுகுவதில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவர் நோயுற்றாலும், மற்றவரும் நோயுறுவது ஏறத்தாழப் பாதியளவே. பேறுகாலச் சிக்கல், இளமையில் பட்ட கொடுந்துன்பம், கஞ்சாப் பழக்கம் ஆகியனவும் நோய்க்கு வழிகோலுகின்றன.

76,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2022-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு, மனித மரபணுத் தொகுதியில் இந்நோயோடு தொடர்புடைய 287 இடங்களைச் சுட்டியது. அவற்றுள் பெரும்பாலானவை தனித்தனியே தரும் ஊறு மிகச் சிறிது. அத்தகைய கூறுகளில் சிலவற்றையேனும் சுமக்காத மனிதர் இலர். எனவே ஒரு குடும்பத்தை மட்டும் பிரித்துக் கறைபட்ட குலம் என்பது அறிவுக்கும் அறத்துக்கும் ஒவ்வாது.

இந்நோயின் மரபணு ஆராய்ச்சியில் தமிழகத்துக்கும் பங்குண்டு. மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளை, ஆஸ்திரேலிய அறிஞருடன் இணைந்து தென்னிந்தியர் 3,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தது. வைட்டமின் பி3 எனப்படும் நியாசினை உடல் கையாளும் முறையோடு தொடர்புடைய மரபணு ஒன்றை அவ்வாய்வு 2019-இல் சுட்டியது. இதனால் வைட்டமின் மாத்திரை நோயைத் தீர்க்கும் என்று எவரும் கருதலாகாது. மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தவும் கூடாது. பழிக்கு அஞ்சாது முன்வந்த நோயாளிகளும் குடும்பத்தினருமே அவ்வாய்வின் அடித்தளம். அவர்கள் நம் நன்றிக்கு உரியவர்கள்.

மனச்சிதைவு என்ற பெயர் ஒன்றே மணமுறிவுக்குப் போதாது, நோயின் கடுமை மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே தெளிவுறுத்தியது. நீதிமன்றம் கண்ட அத்தெளிவு நம் மணப்பேச்சுகளில் இன்னும் இடம்பெறவில்லை.

மருத்துவம் தாமதிக்குந்தோறும் மீட்சி கடினமாகிறது. மனநல மருத்துவம் பெறுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாக்கியுள்ளது. வேங்கிக்காலில் அமைந்த மாவட்ட ஆட்சியரகம் அவ்வுரிமையை ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நடைமுறையாக்க வேண்டும். மருந்து தடையின்றிக் கிடைக்கச் செய்தல் அதன் முதற்கடமை. குடும்பத்தினர் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் கட்டணமின்றி அறிவுரை பெறலாம். யாருடைய இரத்தம் என்று கேட்பதை விடுத்து, நோயுற்றவரை இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.