வாத்தியாரை மாற்றலாமா?

சென்ற வாரம் நம் நண்பர் ஒருவர் மிகுந்த மனக்குறையுடன் வந்து சேர்ந்தார். அவருடைய பெண் பியானோ கற்றுக்கொள்கிறாள், பையன் மிருதங்கம். இருவருக்கும் அனுபவம் வாய்ந்த வித்வான்களே வீட்டுக்கு வந்து பாடம் சொல்லுகிறார்கள்.

"மூன்று மாதம் ஆகிவிட்டது, ஸார்! பெண் மாடிப்படி ஏறி இறங்குவதுபோல் அதே ஸ்வரங்களில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள். பையனோ 'த தி தொம் நம்' என்பதைத் தாண்டவில்லை. நவராத்திரிக்கு நாலு பேர் வந்தால் வாசித்துக் காட்ட ஓர் உருப்படி கிடையாது. வாத்தியார்களை மாற்றிவிடலாமா?" என்று கேட்டார்.

நாம் அவருக்கு வியன்னா நகரத்துக் கதை ஒன்றைச் சொன்னோம்.

ஏறக்குறைய 1801-ஆம் ஆண்டில் கார்ல் செர்னி என்னும் பத்து வயதுச் சிறுவனை அவன் தகப்பனார் சங்கீத மேதை பீத்தோவனிடம் அழைத்துச் சென்றார். பையன் ஒன்றும் அறியாதவன் அல்லன். மோட்ஸார்ட்டின் உருப்படி ஒன்றையும், பீத்தோவனுடைய சொந்த உருப்படி ஒன்றையும் அவர் முன்னிலையிலேயே வாசித்துக் காட்டினான். பீத்தோவன் அவனைச் சிஷ்யனாக ஏற்றுக்கொண்டார். ஆனால் முதல் சில பாடங்களில் அவர் கற்பித்தது என்ன? எல்லாச் சுருதிகளிலும் ஆரோகண அவரோகணம். கையை எப்படி வைத்துக்கொள்வது. முக்கியமாகக் கட்டை விரலை எப்படி உபயோகிப்பது. இவ்வளவுதான்! செர்னியே பிற்காலத்தில் தம் வாழ்க்கைக் குறிப்பில் இதை எழுதியிருக்கிறார்.

அந்தச் செர்னி வளர்ந்து, நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் வரையில் பாடம் சொல்லும் உபாத்தியாயர் ஆனார். அவரிடம் 1819-இல் ஒரு குழந்தை வந்தது. வெளிறிய முகம், நாற்காலியில் நேராக உட்காரத் தெரியாது, விரல்கள் மனம் போனபடி விழுந்தன. ஆயினும் அக்குழந்தையிடம் தெய்விகமான சங்கீத ஞானம் இருந்தது. பிராண்ஸ் லிஸ்ட் என்று உலகப் பிரசித்தி பெற்றவர் அவர்தான். 1822-இல் பாடம் தொடங்கியபோது, விரல்களுக்கு ஒழுங்கும் வலிமையும் உண்டாக்குவதிலேயே முதல் சில மாதங்கள் கழிந்தன. பெரும்பாலும் தினமும் மாலையில் பாடம் நடந்தது. செர்னி அதற்காகச் சம்பளம் வாங்க மறுத்துவிட்டார்.

ஆனால் தகப்பனாருக்குப் பொறுமை இல்லை. 1823-இல் பையனை ஊர் ஊராகக் கச்சேரிக்கு அழைத்துச் சென்றுவிட்டார். படிப்பு நன்றாக நடந்துகொண்டிருந்த சமயத்தில் இப்படி நேர்ந்ததே என்று செர்னி வருந்தி எழுதினார். லிஸ்டும் குருவை மறக்கவில்லை. 1852-இல் வெளியான தம்முடைய பன்னிரண்டு அப்பியாச உருப்படிகளை அவருக்கே சமர்ப்பணம் செய்தார்.

"அது வெள்ளைக்காரர் கதை, மிருதங்கத்துக்கு என்ன சொல்லுகிறீர்கள்?" என்றார் நண்பர்.

பாலக்காடு மணி ஐயர் சிறு பிராயத்திலேயே கச்சேரி மேடையில் புகழ் பெற்றவர். அப்படியிருந்தும் தஞ்சாவூர் வைத்தியநாதய்யரிடம் சிஷ்யராக அமர்ந்து மேலும் கற்றுக்கொண்டார். கைதட்டல் கேட்டபிறகும் பாடத்துக்குத் திரும்பிய அவர், கைதட்டலுக்காகப் பாடத்தைத் தாண்டவிடும் பெற்றோருக்கு நல்ல உபதேசம் அல்லவா?

'நம்' என்பது ஒரு சொல்தான். மோதிர விரல் இலேசாகத் தொட்டிருக்க, ஆள்காட்டி விரல் வலந்தலையின் ஓரத்தில் விழவேண்டும். விளம்பத்தில் அது பிசகினால் காதுக்குத் தெரியாமல் போகலாம். துரிதத்தில் நாதம் சிதறி ஊருக்கே தெரிந்துவிடும். பியானோவில் கட்டை விரல் மற்ற விரல்களின் அடியில் நழுவிச் செல்வதும் அவ்விதமே. தவறாகப் படிந்த விரலைத் திருத்துவது புதிதாகக் கற்பதைக் காட்டிலும் கஷ்டம்.

இதனால், தாமதிக்கிற வாத்தியார் எல்லாரும் பீத்தோவன் என்று சொல்லவில்லை. ஒரு நாள் பாடம் நடக்கும்போது மூலையில் உட்கார்ந்து பாருங்கள். வாத்தியார் கடியாரத்தைப் பார்க்கிறாரா, குழந்தையின் விரலைப் பார்க்கிறாரா? கடியாரமானால் தயங்காமல் மாற்றுங்கள். விரலானால், மாற வேண்டியது பெற்றோரின் அவசரந்தான்.

நண்பர் சற்று யோசித்தார். "அது சரி, நவராத்திரிக்கு வருகிறவர்களுக்கு என்ன செய்கிறது?" என்றார்.

"சுண்டல் கொடுங்கள்" என்றோம்.