செர்ரிக்கு வந்த ஈ!

கேக்கின் உச்சியில் சிவப்பாக ஒரு பழம் இருக்கும். அதுதான் செர்ரி. (நம் ஊர்க் கேக்கில் சில சமயம் சாயம் ஏற்றிய களாக்காய் இருக்கும். அது வேறு கதை!)

ஐரோப்பாவில் செர்ரி கோடையில் பழுக்கும். மருந்து தெளிக்காத பழம்தான் வேண்டும் என்று அங்கே பலர் கேட்கிறார்கள். நியாயமான ஆசை. செர்ரியை யாரும் தோல் உரித்துத் தின்பது இல்லை.

ஆனால் விளைவிக்கிறவர் பாடு?

இரண்டு ஈக்கள்

செர்ரிக்கு எதிரி ஈ. பழைய ஈ ஒன்று உண்டு. அது பழத்தில் முட்டை இடும். புழு தின்று வளர்ந்து, கீழே விழுந்து, மண்ணில் புதைந்துகொள்ளும். மறு ஆண்டுதான் ஈயாக வெளியே வரும். சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் மரத்தடியில் தரையை வலையால் மூடிப் பார்த்தார்கள். மண்ணில் இருந்து கிளம்பிய ஈ வலைக்குள்ளேயே மாண்டது!

2008-ம் ஆண்டில் புது ஈ தென்பட்டது. ஆசியாவில் இருந்து வந்த பொடி ஈ. முதலில் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் கண்டார்கள். இதன் பெண் ஈக்கு ரம்பம் போன்ற உறுப்பு உண்டு. பழுத்துவரும் நல்ல பழத்தையே கீறி முட்டை இடும். கோடையில் இரண்டே வாரத்தில் அடுத்த தலைமுறை தயார்! தரையில் வலை விரித்து இதைத் தடுக்க முடியாது.

பிரான்சு போட்ட தடை

பிரான்சு விவசாயிகள் 'டைமெத்தோயேட்' என்ற மருந்தை நம்பி இருந்தார்கள். 2016-ம் ஆண்டு அரசாங்கம் அதைத் தடுத்தது. அதோடு நிற்கவில்லை. செர்ரிக்கு அந்த மருந்தை அனுமதிக்கும் நாடுகளின் பழமும் உள்ளே வரக்கூடாது என்றது.

சரியான காரியம்! உள்ளூர்க்காரன் கையைக் கட்டிவிட்டு, வெளியூர்க்காரனுக்குக் கதவைத் திறந்தால் அது என்ன நீதி? 2019-ல் ஐரோப்பிய ஒன்றியமே அந்த மருந்துக்கு அனுமதியை நீட்டிக்க மறுத்துவிட்டது.

தாத்தா நட்ட மரம்

மருந்து போனால் வலைதான் கதி. பொடிக் கண் உள்ள வலையால் மரம் முழுவதையும் மூட வேண்டும். பூக்கும்போது மூடக்கூடாது. தேனீ வர வேண்டும் அல்லவா? மழை பட்டால் பழம் வெடிக்கும். அதற்கு மேலே கூரை வேறு!

புதிதாகத் தோட்டம் போடுகிறவர் சமாளிப்பார். ஜெர்மனியின் கீசன் நகரில் உருவான 'கிசெலா' அடிக்கன்றில் ஒட்டுக் கட்டினால் மரம் குட்டையாக நிற்கும். ஆனால் தாத்தா நட்ட மரம் ஏணி போட்டு ஏறும் உயரம். அதற்கு வலை கட்டுவது, வீட்டுக்குச் சட்டை தைப்பது மாதிரி!

இயற்கை விளைச்சல் என்று முத்திரை பெற மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை செலவு புதுச் செலவு. விலை பழைய விலை. அரசாங்க மானியம் உண்டு. அது நாட்டுக்கு நாடு வேறு. 2030-க்குள் விவசாய நிலத்தில் நூற்றுக்கு 25 பங்கை இயற்கை விவசாயத்துக்குக் கொண்டுவர, 2020-ல் ஒன்றியம் குறி வைத்தது. குறி பெரிது. வலைக்குப் பணம் இல்லாதவர் மரத்தை வெட்டிவிட்டுப் போனால், குறி எப்படி எட்டும்?

எமனாக ஒரு குளவி

இத்தாலியின் டிரெண்டினோ பகுதியில் 2021-ல் ஒரு காரியம் செய்தார்கள். அந்தப் பொடி ஈயின் புழுவுக்கு ஆசியாவில் ஒரு சின்னக் குளவி எமன். அதைக் கொண்டுவந்து, அரசு அனுமதியோடு பறக்க விட்டார்கள்.

குளவி வேலி பார்க்காது. வலை வாங்க முடியாத ஏழையின் தோட்டத்துக்கும் போகும். அரசாங்கப் பணம் முதலில் போக வேண்டிய இடம் இதுதான்.