பழைய மிரர்லெஸ் கேமராவா, புதியதா? பணத்தைக் கொட்டும் முன் யோசியுங்கள்

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்து, இன்டர்நெட் இணைப்பும் கிடைத்துவிட்டால், அடுத்த சில மாதங்களில் கேமரா பற்றிய பேச்சு தொடங்கிவிடும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் இந்தப் பேச்சு வெறும் ஆசையோடு நிற்பதில்லை. வீட்டுத் திண்ணையில் பெல்ட்டும் பர்ஸும் தைப்பவர்கள், செருப்பும் ஷூவும் செய்பவர்கள் எனப் பலரும் இப்போது தங்கள் பொருளை இணைய தளங்களில் நேரடியாக விற்க முயல்கிறார்கள். வாங்குபவர் தோலைத் தொட்டுப் பார்க்க முடியாது. மோந்து பார்க்க முடியாது. படத்தை மட்டுமே பார்க்கிறார். எனவே கேமரா இவர்களுக்குத் தையல் மெஷின் போல ஒரு தொழில் கருவி.

ஆம்பூரில் எனக்குத் தெரிந்த பாய் ஒருவர், தொழிற்சாலைகளில் மிஞ்சும் துண்டுத் தோலை வாங்கிப் பர்ஸ் தைத்து விற்கிறார். அவரிடம் பழைய சோனி ஏ6000 கேமரா இருந்தது. ஒரு முறை அனுப்பிய பர்ஸ்கள் மொத்தமாகத் திரும்பி வந்துவிட்டன. படத்தில் சிவப்பு கலந்த பழுப்பு. கையில் வந்ததோ வெறும் பழுப்பு. “கேமரா பழசாகிவிட்டது சார், அதான் கலர் மாறுகிறது” என்று சொல்லி, மாதத் தவணையில் புத்தம் புதிய மாடல் ஒன்றை வாங்கினார். முதல் படம் எடுத்தார். அதே சிவப்பு!

பிறகு நான் அவர் வீட்டிற்குப் போய்ப் பார்த்தேன். மேலே ட்யூப் லைட், பக்கத்தில் ஜன்னல் வெயில், மேஜையில் மஞ்சள் பல்பு. மூன்று நிற வெளிச்சம் ஒரே பர்ஸின் மீது விழுந்தால் எந்தக் கேமராதான் என்ன செய்யும்? இந்த அனுபவம்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

மிரர்லெஸ் என்றால் என்ன?

எஸ்.எல்.ஆர். வகைக் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் காணும் காட்சியை அது மேலே உள்ள கண் துவாரத்திற்குத் திருப்பி விடும். படம் எடுக்கும் நொடியில் அது மேலே எழும்பி வழி விடும். இந்தக் கண்ணாடியை நீக்கிவிட்டு, சென்சார் பார்ப்பதை அப்படியே சிறிய திரையில் காட்டுவதுதான் மிரர்லெஸ். எடை குறைவு, அளவும் குறைவு. லென்ஸை மட்டும் எஸ்.எல்.ஆர். போலவே மாற்றிக் கொள்ளலாம்.

2008-ல் பானாசோனிக் வெளியிட்ட லூமிக்ஸ் ஜி1, ஆட்டோ போகஸ் வசதியுடன் லென்ஸ் மாற்றக் கூடிய முதல் மிரர்லெஸ் கேமரா. 2010-ல் சோனியின் என்.இ.எக்ஸ். வரிசை வந்தது. 2014-ல் வந்த ஏ6000, தொடக்க நிலையில் இருப்பவர்கள் தேடிப் பிடித்து வாங்கும் மாடலாக இன்றும் இருக்கிறது. 24 மெகாபிக்ஸல் சென்சார், வினாடிக்கு 11 படங்கள், உள்ளேயே சிறு ப்ளாஷ், கண் வைத்துப் பார்க்கும் சிறு திரை ஆகிய அனைத்தும் அதில் உண்டு.

மெகாபிக்ஸல் மயக்கம்

புதிய மாடல் விளம்பரங்களில் எண்கள் பெரிதாகத் தெரியும். உங்கள் கம்ப்யூட்டர் மானிட்டரின் எண்ணையும் சற்றுப் பாருங்கள். 1920 x 1080 என இருந்தால் அது காட்டுவது சுமார் 20 லட்சம் புள்ளிகள், அதாவது 2 மெகாபிக்ஸல். அமேசான் தளத்தில் பொருளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க, படத்தின் நீண்ட பக்கம் 1000 பிக்ஸலுக்கு மேல் இருக்க வேண்டும். ஏ6000 தரும் படத்தின் நீளம் 6000 பிக்ஸல்! பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் பழையதான லூமிக்ஸ் ஜி1 கூட 4000 பிக்ஸல் நீளப் படம் தந்தது. ஆக, பிக்ஸல் கணக்கிற்காகப் புதிய கேமரா வாங்குவது, குண்டுமணி தங்கம் நிறுக்க லாரி எடை மேடை தேடுவது போலத்தான்.

பாய் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தோம். ட்ரைபாடில் முதலில் பழைய கேமரா, அடுத்து புதியது. அதே பர்ஸ், அதே வெளிச்சம். ஐ.எஸ்.ஓ. 100, அபெர்ச்சர் எப்8. இரண்டு படங்களையும் மானிட்டரில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். தோலின் மயிர்க்கால் புள்ளிகள் இரண்டிலும் அப்படியே தெரிந்தன. எது எந்தக் கேமராவின் படம் என்று பைல் பெயரைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

புதியது என்றால் எல்லாம் கூடுதலா?

இல்லை. இரு உதாரணங்கள் தருகிறேன்.

கேனான் எம்50, 2018-ல் வந்தது. கேனான் ஆர்100, 2023-ல் வந்தது. இரண்டிலும் 24.1 மெகாபிக்ஸல்; இரண்டிலும் டிஜிக் 8 ப்ராசசர். ஆனால் பழைய எம்50-ல் திரையைத் திருப்பலாம், விரலால் தொட்டும் இயக்கலாம். புதிய ஆர்100-ல் திரை அசையாது. தொட்டாலும் வேலை செய்யாது. விலையைக் குறைக்க நிறுவனங்கள் எதையாவது கழற்றத்தானே செய்யும்!

அடுத்தது சோனி இசட்.வி.-இ10. இதன் இரண்டாம் பதிப்பு 2024-ல் வந்தது. வீடியோவிற்கு மிக நல்லது. ஆனால் முதல் பதிப்பில் இருந்த மெக்கானிக்கல் ஷட்டர் இதில் இல்லை. எலக்ட்ரானிக் ஷட்டர் மட்டுமே. மலிவான எல்.இ.டி. விளக்கு வெளிச்சத்தில் வேகமாகப் படம் எடுத்தால் குறுக்கே கோடுகள் விழ வாய்ப்பு உண்டு. ஸ்டூடியோ ப்ளாஷ் வைத்துத் தோல் பொருட்களை எடுப்பவருக்கும் இது இடைஞ்சல்தான்.

பழையதில் உள்ள பள்ளங்கள்

அதற்காகப் பழையது எதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் கவனிக்க வேண்டியது லென்ஸ் மாட்டும் வாய். மேலே சொன்ன எம்50-ஐயே எடுத்துக் கொள்ளுங்கள். அதன் எம் வரிசையை 2012-ல் தொடங்கிய கேனான், 2023-ல் அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. இப்போதைய ஆர்.எப். லென்ஸ்கள் அதில் பொருந்தாது. நிக்கான் 1 வரிசையும் 2011-ல் வந்து 2018-ல் நின்றுபோனது. இவற்றை வாங்கினால் கேமராவோடு சேர்ந்து லென்ஸும் முடங்கும். சோனியின் இ வாய் 2010-லிருந்து இன்று வரை தொடர்கிறது. இன்று பழைய ஏ6000-க்கு ஒரு லென்ஸ் வாங்கினால், பின்னாளில் புதிய கேமரா வாங்கும்போதும் அது கை கொடுக்கும். பழையதை வாங்குவோருக்கு என் முதல் ஓட்டு இந்தக் காரணத்தினால்தான் சோனிக்கு.

அடுத்தது வீடியோ. ஏ6000-ல் 4கே கிடையாது. மைக் மாட்டத் தனி ஜாக் இல்லை. திரையைத் தொட்டு இயக்க முடியாது. செருப்பு தைக்கும் விதத்தைப் பேசி வீடியோவாகப் போட விரும்புபவருக்கு இது போதாது. திருமணங்களில் படம் எடுக்க நினைப்பவருக்கும், ஓடும் குழந்தையின் கண்ணை விடாமல் பிடித்துப் போகஸ் செய்யும் வசதி முக்கியம். 2019-ல் வந்த ஏ6100, 2023-ல் வந்த கேனான் ஆர்50 போன்றவை இதில் பல படி முன்னால் இருக்கின்றன. ஆர்50-ஐ யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து வெப் கேமராவாகவும் பயன்படுத்தலாம். இத்தகைய வேலை இருந்தால் புதியதே சரி.

உங்கள் கம்ப்யூட்டர் தாங்குமா?

கேமரா வாங்கும்போது பலரும் மறந்துவிடும் கேள்வி இது. கேமரா விலையோடு செலவு முடிவதில்லை. வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ, ஒரு நிமிடத்தில் சுமார் 750 எம்.பி. இடம் பிடிக்கும். ஒரு மணி நேரத்திற்கு 45 ஜி.பி.! அது போக, சில புதிய கேமராக்கள் வீடியோவை எச்.265 என்னும் முறையில் மிகவும் சுருக்கிப் பதிகின்றன. பழைய ப்ராசசர் உள்ள கம்ப்யூட்டரில் இந்த பைலைத் திறந்தால் படம் விட்டுவிட்டு ஓடும். பாய் வீட்டிலும் இதுதான் நடந்தது. கேமரா புதிது, கம்ப்யூட்டர் பழசு. அடுத்து ஹார்ட் டிஸ்க், அதற்கடுத்து ரேம் என்று செலவு வரிசையில் நின்றது.

படங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஏ6000-ன் ஒரு ரா பைல் சுமார் 24 எம்.பி. வரும். 40 பொருட்கள், ஒவ்வொன்றுக்கும் 6 கோணங்கள் என்றால் 240 படங்கள். மொத்தம் 6 ஜி.பி.க்குள் அடங்கிவிடும். ஜேபெக் வகையில் எடுத்தால் இதிலும் பாதிக்குக் கீழ்தான். ரா பைல்களைத் திருத்த டார்க்டேபிள், ரா தெரபி போன்ற ப்ரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பழைய போட்டோ சாப்ட்வேர் வைத்திருப்பவர்கள் புதிய கேமரா வாங்கினால், அதன் ரா பைலை அந்த சாப்ட்வேர் அடையாளம் காணாமல் போகலாம். வாங்கும் முன் இதைச் சரி பார்க்க வேண்டும்.

மொபைல் போன் போதாதா?

போதும், சில வேலைகளுக்கு. ஆனால் போன் கேமராவின் லென்ஸ் அகலமாகப் பார்க்கும் வகை. ஷூவை அருகில் வைத்து எடுத்தால் முன்பக்கம் ஊதியும் பின்பக்கம் சிறுத்தும் தெரியும். போனில் உள்ள சாப்ட்வேர் படத்தை அழகாக்குவதாக நினைத்துத் தோலின் இயற்கையான சொரசொரப்பைத் தேய்த்து மழமழப்பாக்கிவிடவும் கூடும். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலுக்கும் பிளாஸ்டிக் ரெக்சினுக்கும் படத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால், விற்பவருக்கு நஷ்டம்தானே? இந்த இடத்தில்தான், எவ்வளவு பழையதானாலும், தனிக் கேமரா தன் விலையைச் சம்பாதித்துக் கொடுக்கிறது.

காசை எங்கே போடலாம்?

பழைய கேமராவையும் புதியதையும் விலை விசாரியுங்கள். இரண்டிற்கும் உள்ள வித்தியாசத் தொகையைக் கீழ்க்கண்டவற்றில் போடுங்கள்.

1. உறுதியான ட்ரைபாட் ஒன்று. இது இருந்தால் ஐ.எஸ்.ஓ.வை 100-ல் வைக்கலாம். பழைய சென்சாரின் குறையே தெரியாது.

2. ஒரே வகையான இரண்டு எல்.இ.டி. விளக்குகள், அவற்றின் முன் கட்ட வெள்ளைத் துணி. பளபளக்கும் கறுப்புத் தோலில் விளக்கு நேராக விழுந்தால் வெள்ளைத் திட்டு வரும். துணி வழியே பரவி வரும் வெளிச்சம் இதைத் தடுக்கும். படம் எடுக்கும்போது வீட்டில் உள்ள மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஜன்னலையும் மூடுங்கள்.

3. சாம்பல் நிற அட்டை ஒன்று. அதைப் பொருள் இருக்கும் இடத்தில் வைத்து, கேமராவில் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் அமைத்துக் கொள்ளுங்கள். கலர் ஸ்பேஸ் என்ற இடத்தில் எஸ்.ஆர்.ஜி.பி. என்பதைத் தேர்ந்தெடுங்கள். பாய் வீட்டுச் சிவப்பு மறைந்தது விளக்குகளை ஒன்றாக்கி, இதையும் செய்த பிறகுதான்.

4. ஒரு கார்டு ரீடரும், படங்களை இரண்டாவது பிரதி எடுத்து வைக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கும்.

பழையதை வாங்கும்போது

சென்னையோ பெங்களூரோ, கடைக்கு நேரில் போங்கள். ஒரு மெமரி கார்டை எடுத்துச் செல்லுங்கள். வெள்ளைச் சுவரை எப்16 அபெர்ச்சரில் படம் எடுத்து, சென்சாரில் கறை இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். லென்ஸ் வழியே வெளிச்சத்தைப் பார்த்தால், உள்ளே பூஞ்சை இருந்தால் சிலந்தி வலை போலத் தெரியும். ஜூம் முழுவதும் தடையின்றிப் போய் வருகிறதா, ப்ளாஷ் எரிகிறதா என்று சோதியுங்கள். பேட்டரி பழசாகத்தான் இருக்கும். புதிதாக ஒன்று வாங்கும் செலவையும் கணக்கில் சேருங்கள். பில் இல்லாத கேமராவைத் தொடாதீர்கள்.

என் முடிவு இதுதான். அசையாத பொருளைப் படம் எடுப்பவருக்கு, லென்ஸ் வாய் இன்னும் உயிரோடு உள்ள பழைய மிரர்லெஸ் கேமராவே லாபம். வீடியோவும், ஓடியாடும் மனிதர்களும்தான் வேலை என்றால் புதியதற்குப் பணம் கொடுக்கலாம். இரண்டில் எது என்று தெரியாதவர்கள், தெரியும் வரை கையில் இருப்பதை வைத்துப் பழகுங்கள்.

பாய் இப்போது பர்ஸ்களைப் பழைய ஏ6000-ல்தான் எடுக்கிறார். கலர் புகார் வருவதில்லை. புதிய கேமரா அவர் மகனிடம் இருக்கிறது. கடை வீதியை வீடியோ எடுத்துப் பழகுகிறான். “கேமரா நல்லாத்தான் இருக்கு சார். தவணை கட்டும்போதுதான் உங்க ஞாபகம் வருது. முன்னாடியே கேட்டிருக்கலாம்” என்றார் சிரித்துக்கொண்டே. உங்கள் வீட்டில் இன்னும் தவணை தொடங்கவில்லை அல்லவா? முதலில் ஜன்னலை மூடி, விளக்கை மாற்றி, ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அதன் பிறகு கடைக்குப் போகலாம்.