ஹாஜிகளின் பயணம் எங்கிருந்து தொடங்குகிறது?

ஹஜ் விண்ணப்பக் காலம் வந்துவிட்டால் தென் மாவட்ட ஜமாஅத்களில் ஒரு கோரிக்கை தவறாமல் எழும்: “திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஹஜ் விமானம் விடக் கூடாதா?” கோரிக்கை நியாயமானது. அதை எப்படிக் கேட்பது என்பதில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். திருச்சி, சென்னை விமான நிலையங்களுக்கு இடையே வான்வழித் தூரம் 300 கி.மீ.க்குள்தான், விமானத்தில் ஒரு மணி நேரம். இரண்டிலிருந்தும் ஜித்தா ஏறக்குறைய ஒரே தூரம், சுமார் 4,400 கி.மீ. ஆகவே வானத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு தரையில் இருக்கிறது. மேலப்பாளையத்திலிருந்து மதுரை சுமார் 150 கி.மீ.; சென்னையோ 600 கி.மீ.க்கும் மேல். எழுபது வயதுப் பெரியவர், சர்க்கரை நோயுள்ள மனைவி, பெட்டிகள், வழியனுப்ப வரும் பிள்ளைகள் என ஒரு குடும்பமே இரவு முழுக்கப் பயணம் செய்கிறது. ஜித்தாவுக்குப் பறக்கும் நேரம் சுமார் ஆறு மணி. சென்னையை அடைய அதைப்போல இரு மடங்கு ஆகிவிடுகிறது.

2022இல் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. கொரோனாவுக்குப் பின் புறப்பாட்டு மையங்கள் பத்தாகக் குறைக்கப்பட்டன. சென்னை நீக்கப்பட்டு, தமிழக ஹாஜிகள் கொச்சி செல்ல நேர்ந்தது. முதல்வரும் சமுதாய அமைப்புகளும் தொடர்ந்து வலியுறுத்திய பின், 2023இல் சென்னை திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டு கேரளத்தில் கோழிக்கோடு, கொச்சியுடன் கண்ணூரும் மூன்றாவது மையமாகச் சேர்ந்தது. அங்கே மூன்று, இங்கே ஒன்று!

ஆனால் கோழிக்கோட்டின் அனுபவத்தையும் நாம் படிக்க வேண்டும். 2020 ஆகஸ்ட் விபத்துக்குப் பின் அங்கே பெரிய விமானங்கள் இறங்க அனுமதி இல்லை. சிறிய விமானத்தில் இருநூறுக்கும் குறைவானவர்களே செல்ல முடியும். தலைக்கு ஆகும் செலவு கூடுகிறது. 2024 ஹஜ்ஜுக்கு அங்கே முதலில் சொல்லப்பட்ட கட்டணம், கொச்சி, கண்ணூர் கட்டணத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு. எதிர்ப்புக்குப் பின் குறைத்தார்கள்; அப்போதும் இடைவெளி முழுதாக மறையவில்லை.

திருச்சியில் 2024 ஜனவரியில் புதிய முனையம் திறக்கப்பட்டது. கட்டடம் பெரியது, ஓடுதளமோ 2,500 மீட்டரைத் தொடவில்லை. மதுரையின் ஓடுதளம் அதைவிடக் குறைவு. இரண்டு ஊர்களிலும் விரிவாக்கப் பணி நிலம் எடுப்பதில் ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது. இந்நிலையில் மையம் மட்டும் கிடைத்தால், ரயில் கட்டணத்தில் மிச்சமாவது விமானக் கட்டணத்தில் பல மடங்காகப் போய்விடலாம்.

எனவே கோரிக்கையை மூன்றாகப் பிரித்து வைக்கலாம். ஒன்று, ஓடுதள விரிவாக்கத்தை விரைந்து முடிக்க வேண்டும். இது ஹாஜிகளுக்கு மட்டுமன்றி, வளைகுடாவில் உழைக்கும் எல்லாச் சமயத்து மக்களுக்கும் பயன்படும். இரண்டு, புதிய மையம் அறிவிக்கும்போதே, அதன் கட்டணம் சென்னையைவிட மிகுதியாகாது என்ற உறுதி வேண்டும். மூன்று, அதுவரை தென் மாவட்ட ஹாஜிகளுக்குச் சென்னைக்குச் சிறப்பு ரயில் அல்லது இணைப்பு விமானம் வேண்டும். மூன்றாவதற்கு நிலமும் வேண்டாம், ஓடுதளமும் வேண்டாம். மனம் இருந்தால் வரும் ஹஜ்ஜுக்கே செய்துவிடலாம்.

சென்று வர சக்தி பெற்றவர் மீதே ஹஜ்ஜைக் கடமையாக்கியிருக்கிறது திருக்குர்ஆன் (3:97). அந்த சக்தியில் பணமும் உடல்நலமும் வழியின் பாதுகாப்பும் அடங்கும் என்பது மார்க்க அறிஞர்களின் விளக்கம். நாற்பது ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த ஒரு மூதாட்டிக்கு, கூடுதலாகக் கேட்கப்படும் முப்பதாயிரம் ரூபாய் அந்த சக்தியையே தட்டிப் பறித்துவிடும். வழியை எளிதாக்குவது அரசின் பொறுப்பு; கணக்குப் பார்த்துக் கேட்பது நம் பொறுப்பு.

நாடிய அனைவருக்கும் அந்தப் பயணத்தை அல்லாஹ் இலேசாக்கித் தருவானாக. ஆமீன்.